சென்னகேசவனுக்கு வந்த வவுச்சர்

அவிநாசி ரோட்டில் பம்ப்செட் கடை வைத்திருந்த சென்னகேசவனைத்தான் ஊருக்குத் தெரியும். அந்த மனிதர் ஒரு காலத்தில் விமானம் ஓட்டினார் என்றால், "அட, சும்மா இருங்க" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். சிரிக்கட்டும். ஐம்பதுகளின் பீளமேட்டைப் பார்க்காதவர்களிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

அப்போதெல்லாம் விமான நிலையத்துக்கு முள்வேலிதான் காவல். மெட்ராஸ் டகோட்டா விமானம் இறங்குகிற நேரம் பார்த்து, ஷிப்ட் முடிந்த மில்காரர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு வேலியோரம் நிற்பார்கள். பறக்கிறவன் யாரோ எவரோ, இறங்கியதும் ஆளாளுக்குக் கை ஆட்டுவார்கள். என்ன காலம் அது! அந்தக் கூட்டத்தில் நின்று நின்றே கேசவனுக்குக் கிறுக்குப் பிடித்தது. அப்பா விட்டுப்போன சோளக்காட்டில் பாதியை விற்று, மெட்ராஸுக்குப் போய் விமானம் ஓட்டக் கற்று, 1960இல் லைசன்ஸோடு திரும்பி வந்தார். வேலைதான் இல்லை. லைசன்ஸ் வாங்கிவிட்டுக் காத்திருந்தவர்கள் நாடு முழுக்க இருந்தார்கள்.

பெண்ணும் கிடைக்கவில்லை. அம்மா பங்காரம்மா உடுமலை வரைக்கும் ஜாதகம் அனுப்பிப் பார்த்தார். "பையன் தங்கந்தானுங்க. ஆனா அந்தரத்துல போறவனை நம்பி எப்படிங்க பொண்ணக் குடுக்கறது?" என்று எல்லா வீட்டிலும் ஒரே பாட்டு. இந்தக் கவலை பங்காரம்மாவைவிட எதிர்வீட்டு நஞ்சம்மாளுக்கு அதிகம். தனக்கென்று பிள்ளை இல்லாதவர். கேசவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவர்.

1963 ஆடியில் இங்கிலாந்திலிருந்து கடிதம் வந்தது. வயல்களுக்கு மேலே பறந்து மருந்து தெளிக்கிற சின்னக் கம்பெனி ஒன்று கேசவனை வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. அந்த நாட்டுக்கு வேலைக்குப் போக வவுச்சர் என்றொரு தாள் வேண்டும். அதையும் கம்பெனியே வாங்கி அனுப்பியிருந்தது. ஆறு மாதத்துக்குள் போய்ச் சேராவிட்டால் அது செல்லாது. பாஸ்போர்ட் ஒன்றுதான் பாக்கி. கேசவன் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் அம்மா அழுது ஊரைக் கூட்டிவிடுவார். சோறு போடும்போது அம்மாவின் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடத் தோன்றும். தோன்றியதை விழுங்கிக்கொள்வார்.

ஒரு மாதம் போனது, நாலு மாதமும் போனது. தபால்காரர் தினமும் வீட்டைத் தாண்டியே போய்க்கொண்டிருந்தார். மார்கழியில் ஒருவழியாகப் பதில் வந்தது. விண்ணப்பத்தில் எழுதிய தொழிலும் போலீஸ் விசாரணையில் தெரிந்ததும் ஒத்துப்போகவில்லை, மறுவிசாரணை நடக்கும் என்று இருந்தது. மறுவிசாரணை முடிவதற்குள் ஆறு மாதம் ஓடிவிட்டது. கம்பெனி வேறு ஆளைப் போட்டுக்கொண்டது.

முதலில் விசாரிக்க வந்த போலீஸ்காரரைக் கேசவன் அதற்குப் பிறகுதான் தேடிப் பிடித்தார். அவரும் நல்ல மனிதர்தான்.

"நான் வந்தன்னிக்கு உங்க ஊடு பூட்டிக் கெடந்துச்சுங்க. போலீஸ்னு தெரிஞ்சா யாரும் வாயத் தொறக்க மாட்டாங்கன்னு வேட்டி கட்டிட்டு வந்திருந்தேன். எதுத்த ஊட்டம்மா காப்பி குடுத்து உக்கார வெச்சாங்க. ஏரோப்ளேனெல்லாம் அவன் விட்டு ரெண்டு வருசமாச்சு, இப்பத் தோட்டந்தான் பாக்கறான், ஊரத் தாண்டவே மாட்டான்னு அடிச்சுச் சொன்னாங்க. அதையே எழுதிப்போட்டனுங்க."

கேசவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. வேட்டி கட்டின புது ஆள் ஒருவர் தெருவுக்கு வந்து கல்யாணமாகாத பையனைப் பற்றிக் கேட்டால், எங்கள் பக்கத்தில் அது பெண் வீட்டார்தான். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். நஞ்சம்மாள் மூன்றோடு நிறுத்திக்கொண்டார்.

சைக்கிளை மிதித்து வந்த வேகத்தில் கேசவன் எதிர்வீட்டு வாசலில் போய் நின்றார். நாலு வார்த்தை கேட்டே தீருவது என்றுதான் வந்தார். அத்தனை வருஷத்து ஆசையும் போன ஆத்திரம். உள்ளே மொச்சை உரித்துக்கொண்டிருந்த நஞ்சம்மாள், அவரைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தார்.

"வா கண்ணு. உங்கம்மாகிட்டக்கூடச் சொல்லாம வெச்சிருந்தேன். ஆவணியில ஒருத்தர் உன்னப் பத்தி வெசாரிக்க வந்தாரு. நல்ல எடமாட்டத் தெரிஞ்சுது. நானும் பக்குவமாச் சொல்லி அனுப்பிச்சேன். அவங்ககிட்ட இருந்து தாக்கல் ஏதாச்சும் வந்துதா?"

இத்தனை மாதமாக இந்த மனுஷியும் தபாலுக்குத்தான் காத்திருந்திருக்கிறார். கோபம் போன இடம் தெரியவில்லை, துக்கம் மட்டும் தங்கிவிட்டது.

"வந்துதுங்க்கா," என்றார். "அவங்களுக்குச் சரிப்பட்டு வரலையாமா."

நஞ்சம்மாள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாம் என்ற தப்புத்தான் கண்ணு. தோட்டம் மூணு ஏக்கரான்னு சொல்லிப்போட்டேன். அஞ்சுன்னு சொல்லியிருக்கோணும்."