ராசா கதை

எங்கள் மாடிக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் புல்வெளி இருக்கிறது. போன செப்டெம்பரில் அங்கே ஒரு பாட்டுக் கச்சேரி நடந்தது. கச்சேரி என்றால் மேடையோ மைக்கோ இல்லை. மேப்பிள் மரத்துக்குக் கீழே ஒரு பாயை விரித்து, அதில் ஒரு கொரியாக்காரி குடைபோல விரிந்த பாவாடையோடு, கையில் ஒரு விசிறியோடு நின்றாள். பக்கத்தில் ஒருவர் சப்பாணி கட்டி இருந்தார். அவருக்கு முன்னால் பீப்பா மாதிரி ஒரு மேளம். சுற்றிவரக் கொஞ்சப் பேர். கையை நீட்டினால் பாட்டுக்காரியின் பாவாடை முட்டும், அவ்வளவு கிட்ட.

எங்கள் மாடியில் இருக்கிற கொரியா மனுசி கூப்பிட்டு, மகள் என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தாள். மழை வரும்போல வானம் கறுத்துக் கிடந்தது. நாங்கள் இருக்கிற டோர்செட் பார்க்கில் அந்த மாதத்திலேயே குளிர் எலும்புக்குள் போகத் தொடங்கிவிடும். பாட்டுத் தொடங்க முன்னம் அந்த மனுசி எல்லாரையும் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது. மகள் என் காதுக்குள் சொன்னாள்.

"இந்தப் பாட்டைச் சும்மா இருந்து கேக்கக் கூடாதாம் அம்மா. பாடுறவ மூச்சு எடுக்கேக்க நாங்கள் சத்தம் குடுக்க வேணுமாம், ஓல்சிகு எண்டு. இல்லாட்டி அவவுக்குப் பாட்டு ஓடாதாம்."

"நான் மாட்டன்."

"தெரியும். கனடா வந்த நாள்தொட்டு பஸ்காரனுக்கு ஒரு தாங்யூ சொல்லாத ஆள், கொரியாக்காரிக்கோ சொல்லப்போறியள்?"

அவள் சொன்னது சரிதான். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றபோது, ரீச்சருக்கு என் குரல் எப்படி இருக்கும் என்றே தெரியாது.

பாட்டுக்காரியின் குரல் இனிமையானது இல்லை. அடித்தொண்டையில் கரகரத்து, கிழிந்து, பிறகு அந்தக் கிழிசலையே பிடித்துக்கொண்டு மேலே ஏறியது. இடையில் நிற்பாள். மேளக்காரர் "ஓல்சிகு" என்பார். அந்தச் சொல்லில் கையை ஊன்றி எழும்புகிறவள் மாதிரி அவள் அடுத்த அடிக்குப் போவாள். ஒரு இடத்தில் குரல் நன்றாக உடைந்துபோனது. மேளமும் நின்றது. ஒருவரும் சத்தம் கொடுக்கவில்லை, எல்லாருக்கும் வெட்கம். அப்போது ஒரு "ம்" கேட்டது. மகள் திரும்பி என்னைப் பார்த்த பிறகுதான், அது என்னுடைய வாயிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்தது.

"பாட்டு விளங்கினதோ அம்மா?"

"இல்லை," என்றேன்.

அந்த "ம்" எனக்கு ஆறு, ஏழு வயதில் பழகினது.

மன்னார்ப் பக்கம் ஒரு கடற்கரையில் நாங்கள் இருந்தோம். அம்மாவின் தங்கச்சி, என் சின்னம்மா, அடுத்த வளவுக்குத்தான் வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தா. கலியாணம் முடித்து ஒரு வருசம் ஆகவில்லை. வாடைக் காற்றில் வள்ளத்தில் கடலுக்குப் போன சித்தப்பா திரும்பி வரவில்லை. வள்ளத்தின் ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. சடலம் இல்லாதபடியால் செத்தவீடும் இல்லை. சித்தப்பாவின் தாயை நான் ஆச்சி என்று கூப்பிடுவேன். அவ நாள்தோறும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினா. "என்ர பிள்ளை வருவான். அழுது அவனைச் சாகப்பண்ணாதையுங்கோ" என்று சொல்லி, வீட்டில் ஒருவரையும் அழவிடவில்லை. சின்னம்மாவின் கண் கலங்கினால், தாய்வீட்டுக்கு அனுப்பிப்போடுவன் என்பா. ஆகையால் சின்னம்மா கலர்ச் சீலை உடுத்தி, தலை இழுத்துப் பின்னி, இரவுச் சோற்றை ஒரு கோப்பையில் அவருக்கென்று மூடி வைத்துக்கொண்டிருந்தா. மாதக்கணக்காக.

பின்னேரங்களில் கருவாடு காய்கிற இடத்துக்குக் காகம் கலைக்கப் போவது சின்னம்மாவின் வேலை. என்னையும் கூட்டிக்கொண்டு போவா. எங்கள் வளவில் எத்தனையோ பிள்ளைகள் இருக்க, அவ வாய் திறக்காத பிள்ளையைத்தான் தெரிந்தெடுத்தா.

"கதை சொல்லுறன், ஊம் கொட்டு. நீ ஊம் கொட்டாட்டிக் கதை நிண்டு போம்."

அது ஒரு ராசா கதை. சின்னம்மா கடலைப் பார்த்துக்கொண்டு, இழுத்து இழுத்து, பாட்டு மாதிரிச் சொல்லுவா. "என்ர ராசாவே, நீ கழட்டிப்போட்ட சாரம் கொடியில கிடக்குதே." நான் "ம்" என்பேன். "கிழங்கு அவிச்சு வைச்சன், ராசாவே, ஆறிப்போச்சே." "ம்." சில இடங்களில் குரல் அடைத்து நின்றுவிடும். நான் ஊம் கொட்டினால் மறுபடி ஓடும். அது எனக்குப் பெரிய பெருமை.

ஆனால் அந்த ராசாவைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் இல்லை. மாளிகை இல்லை. பட்டு இல்லை, சாரம் உடுத்தார். மரவள்ளிக் கிழங்குக்கு ஆசைப்பட்டார். இவ்வளவு ஏழைப்பட்ட ராசாவை நான் வேறு எந்தக் கதையிலும் கண்டதில்லை.

"யானையும் இல்லையோ, சின்னம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எல்லாம் கடலோட போச்சுது, பிள்ளை."

ஒரு பின்னேரம் கதை நடந்துகொண்டிருக்கும்போது ஆச்சி பின்னால் வந்து நின்றா. நாங்கள் காணவில்லை.

"என்ன சத்தம் உது?" என்று என்னைத்தான் கேட்டா. "உவள் அழுதவளோ?"

சின்னம்மா குனிந்துகொண்டா.

"இல்லை ஆச்சி. கதை சொல்லுறா. ராசா கதை."

"எந்த ராசா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "சாரம் உடுக்கிற ராசா. கிழங்கெண்டா நல்ல விருப்பம். கடலுக்குப் போயிட்டார்."

ஆச்சி ஏசப்போகிறா என்று நினைத்தேன். அவ ஏசவில்லை. முழங்காலில் கையை ஊன்றி, மெல்ல மெல்ல மணலில் இருந்தா.

"எங்க, மிச்சத்தைச் சொல்லு. நானும் கேக்கிறன்."

சின்னம்மா காகம் கலைக்கிற தடியைக் கீழே வைத்தா. பிறகு கடலைப் பார்க்காமல், ஆச்சியின் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னா. "உன்ர கோப்பையை இனி ஆருக்கு மூடி வைப்பன், ராசாவே." அதோடு குரல் அடைத்துவிட்டது. நான் ஊம் கொட்ட வாய் எடுத்தேன். எனக்கு முன்னம் ஆச்சி "ம்" என்றா.

அடுத்த அடிக்கும் அவதான். அதற்கு அடுத்ததுக்கும். எனக்கு இடமே கிடைக்கவில்லை. கருவாட்டில் காகங்கள் வந்து இறங்கின. இரண்டு பேரும் கலைக்கவில்லை. நான் தனியாக ஓடி ஓடிக் கலைத்தேன். திரும்பி வந்து, நானும் கதையில் இருக்கிறேன் என்று காட்டுவதற்காக, "பிறகு ராசா வந்தவரோ?" என்று கேட்டேன். ஆச்சி சின்னம்மாவின் தலையைத் தன் மடியில் வைத்திருந்தா.

அடுத்த நாள் அந்த வீட்டில் சனம் நிறைந்திருந்தது. கொடியில் சாரம் இல்லை. அந்தோனியாருக்கு முன்னால் மெழுகுதிரி எரியவில்லை. சின்னம்மா வெள்ளைச் சீலையோடு, ஆச்சியின் தோளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தா. எல்லாரும் சத்தம் போட்டு அழுதார்கள். பின்னேரமானதும் நான் சின்னம்மாவிடம் போய், காகம் கலைக்கப் போவோம் வாங்கோ என்று சீலையைப் பிடித்து இழுத்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினா.

அதற்குப் பிறகு சின்னம்மா எனக்கு அந்தக் கதையைச் சொல்லவே இல்லை. நடுவில் வந்து ஊம் கொட்டி, என் கதையை ஆச்சிதான் முடித்துவிட்டா என்று எனக்கு அவவோடு சரியான கோபம். கன நாளாக நான் ஆச்சியோடு பேசவில்லை. நான் எப்போதுமே வாய் திறக்காத பிள்ளை என்றபடியால், அதை ஒருவரும் கவனிக்கவில்லை.