இருட்டாகிப்போன பதினோரு நிமிஷம்

மார்லோ க்ரீக்கில் மின்சாரம் போனால், மின்சாரக் கம்பெனியைத் திட்டுவதற்கு முன்னால் ரோண்டாவைத்தான் இழுப்பார்கள். "ரோண்டா பையைத் தொறந்துட்டாளா?" என்று இருட்டுக்குள்ளிருந்து யாராவது கேட்பார்கள், மற்றவர்கள் சிரிப்பார்கள். கல்யாண போட்டோ மங்கலாக வந்தாலும் அதே பேச்சுதான். அவளை நேரில் பார்த்தே இராத பிள்ளைகள்கூட இதைச் சொல்லும். விஸ்கான்ஸின் மாநிலத்தில், க்ரான்பெர்ரிப் பழம் விளைகிற சதுப்புகளுக்கு நடுவில் கிடக்கிற ஊர். பேசிச் சிரிக்க எங்களுக்கு வேறு என்ன இருக்கிறது? ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

ரோண்டாவுக்கு இப்போது ஐம்பத்தாறு வயது. இருபத்தேழு வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். எந்தக் கதவையும் மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் நகரமாட்டாள். பஸ் கதவு, ஃப்ரிட்ஜ் கதவு, மாதா கோயில் சமையலறையின் அலமாரிக் கதவு, எல்லாம் மூன்று தடவை. அவள் புருஷன் கஸ் பொறுமைசாலி. மனைவி மூன்றாவது தடவை இழுத்துப் பார்க்கும்வரை வண்டியைக் கிளப்பாமல் காத்திருப்பான்.

இந்தப் பழக்கம் எண்பத்தைந்தாம் வருஷக் கோடையில் வந்தது. அப்போது அவளுக்குப் பதினேழு வயது. பள்ளியில் வேதியியல் பாடம் நடத்திய ஹால்வர்சன் வாத்தியார்தான் போட்டோ கிளப்பையும் நடத்தினார். பேய்ப்படம் எடுத்தே தீருவேன் என்று அவருக்கு ஓர் ஆசை வந்து, மீன்பிடிப் படகை விற்று கேமரா வாடகைக்கு எடுத்தார். படத்தின் பெயர் 'சேற்றிலிருந்து வந்த மாணவன்'. க்ரான்பெர்ரிச் சதுப்பில் மூழ்கிச் செத்த பையன், பள்ளி நடன விழாவுக்குப் பேயாக வந்து சேருகிறான். மாணவர்கள்தான் நடிகர்கள். பேயின் உடுப்பை வாத்தியார் மனைவி மேக்ஸின் தைத்தாள்.

கிளப்பிலேயே கெட்டிக்காரி ரோண்டா. அதனால் ஃபிலிம் ஏற்றும் வேலை அவளுக்கு. இரண்டு கைகளை மட்டும் நுழைக்கிற கறுப்புத் துணிப்பை ஒன்று உண்டு; அதற்குள் கண்ணால் பார்க்காமல், விரலால் தடவியே ஃபிலிமை கேமராப் பெட்டிக்குள் சுற்ற வேண்டும். ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே போகக் கூடாது. அந்தக் கோடை முழுவதும் நாற்பத்தொரு தடவை சுற்றினாள். ஒவ்வொரு டப்பாவிலும் தன் சாய்ந்த கையெழுத்தில் தேதி எழுதி ஒட்டினாள். பள்ளி முடிந்ததும் மில்வாக்கி போய் கேமரா வேலை படிப்பதாக முடிவு செய்திருந்தாள்.

படம் தியேட்டர் பக்கமே போகவில்லை. வீடியோ டேப்பாக வாடகைக் கடைகளுக்கு வந்தது. கடைசிப் பதினோரு நிமிஷம், ஜிம்மில் நடக்கிற நடனக் காட்சி, ஒரே கும்மிருட்டு. அலறல் மட்டும் கேட்டது. டிவி கெட்டுவிட்டதென்று ஜனங்கள் அதன் மண்டையில் தட்டிப் பார்த்தார்கள். பைக்குள் வெளிச்சம் புகுந்துவிட்டது, ரோண்டாவின் கை தவறிவிட்டது என்றார் ஹால்வர்சன்.

அவர் வகுப்பில் ஒரு சட்டம் இருந்தது. கண்ணாடிக் குழாயை உடைத்தவர்கள் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "ஒடைச்சது நான்தான்" என்று சொல்ல வேண்டும். அந்த டிசம்பரில் ரோண்டா எழுந்து நின்று, "படத்தைக் கெடுத்தது நான்தான்" என்றாள். பயந்து சொல்லவில்லை, நம்பியே சொன்னாள். வாத்தியார் சொன்னால் தப்பாக இருக்குமா? மில்வாக்கிக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு கேமராவைத் தொடவும் இல்லை. மகளின் பிறந்தநாள் போட்டோக்களை எல்லாம் கஸ்தான் எடுத்தான். பாதிப் போட்டோவில் பிள்ளையின் தலை இருக்காது.

போன பிப்ரவரியில் சிகாகோவிலிருந்து தாலியா என்ற பெண் போன் செய்தாள். யாரும் சீந்தாத பழைய பேய்ப்படங்களைத் தேடியெடுத்துச் சுத்தப்படுத்தி டிஸ்க்காக வெளியிடுகிற சின்ன கம்பெனி அவளுடையது. அந்தப் பதினோரு நிமிஷ இருட்டுக்குள் என்ன இருக்கிறதென்று சண்டை போடுகிற ரசிகர்கள் நாடு முழுக்க இருக்கிறார்களாம். மூடிப்போன ஒரு ஃபிலிம் கழுவும் லேபிலிருந்து அசல் நெகட்டிவ் கிடைத்திருக்கிறதாம். டப்பாவில் சாய்ந்த கையெழுத்து ஒன்று இருக்கிறதே, அது உங்களுடையதா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லி ரோண்டா போனை வைத்தாள். இதுவரை ஓர் ஊர் சிரித்தது. இனி துடைத்துப் பளபளப்பாக்கி உலகத்துக்கே காட்டப் போகிறார்கள்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், டிஸ்க் வெளியாகுமுன் ஊருக்கு ஒரு காட்சி என்று ஏற்பாடாயிற்று. இடம் அதே பள்ளி, அதே ஜிம். வரமாட்டேன் என்று ரோண்டா அடம் பிடித்தாள். வராவிட்டால் அதையும் சேர்த்துப் பேசுவார்கள் என்று கஸ்தான் கூட்டி வந்தான். மடக்கு நாற்காலிகளில் இருநூறு பேர். பொரித்த சீஸ் உருண்டை வாசனை. முதல் வரிசையில் எண்பத்திரண்டு வயது ஹால்வர்சன், வாக்கரைப் பிடித்தபடி. மேக்ஸின் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

கடைசிப் பாகம் வந்தபோது ரோண்டா கண்ணை மூடிக்கொண்டாள். கஸ் முழங்கையால் இடித்தான். திறந்து பார்த்தால் ஜிம் முழுக்க வெளிச்சம். காகிதத் தோரணம், சுழல்கிற கண்ணாடிப் பந்து, அவளோடு படித்தவர்களின் இளம் முகங்கள், ஒவ்வொன்றும் துல்லியமாக. பேய் உள்ளே வந்தது. ஒரு பெண்ணின் கழுத்தைப் பிடிக்கத் திரும்பியது. பிடரியிலிருந்து இடுப்பு வரை பித்தளை ஜிப் ஒன்று பளபளவென்று மின்னியது. கூட்டம் ஒரு கணம் திகைத்து, அப்புறம் கண்ணில் நீர் வரச் சிரித்தது. பேய் திரும்பும்போதெல்லாம் சிரித்தது.

படம் முடிந்து தாலியா மைக்கைப் பிடித்ததும் ரோண்டா இருந்த இடத்திலிருந்தே கேட்டாள். "நான் கெடுத்ததை எப்படிம்மா சரி பண்ணீங்க?"

தாலியாவுக்குப் புரியவில்லை. ரோண்டா விளக்கிச் சொன்னதும் இல்லையென்று தலையாட்டினாள். "நெகட்டிவ்ல ஒரு கீறல்கூட இல்லீங்க. வெளிச்சம் பட்டிருந்தா படம் வெளுத்துல்ல போயிருக்கும், எப்படிக் கறுக்கும்? டேப்புக்கு மாத்தும்போது யாரோ வேணும்னே இருட்டாக்கச் சொல்லியிருக்காங்க."

கேமராவைத் தொட்டுக்கொண்டிருந்தால் ரோண்டாவே ஒரு மாதத்தில் கண்டுபிடித்திருப்பாள். தொடாமல் போனதால் தெரியாமல் போயிற்று. ஆனால் முப்பது வருஷம் வேதியியல் நடத்தியவருக்கு, போட்டோ கிளப் நடத்தியவருக்குத் தெரியாதா? அவள் எழுந்து முதல் வரிசைக்குப் போனாள்.

"உங்களுக்குத் தெரியும்ல, மிஸ்டர் ஹால்வர்சன்?"

கிழவர் தலை நிமிரவில்லை. "மேக்ஸின் ரெண்டு மாசம் ராவும் பகலும் தைச்சா, ரோண்டா. ஜிப்பைப் பாத்து ஊரே சிரிச்சா அவ தாங்கமாட்டா. லேபுக்கு நான்தான் எழுதுனேன், இருட்டாக்கிருங்கன்னு. ஒரு வாரத்துல மறந்துருவாங்கன்னு நெனச்சேன்."

"நீங்க நெனச்சீங்க. நான் முப்பத்தொம்பது வருஷம் கதவை இழுத்துப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. இல்லையென்று சொன்னால் அது பொய். அறைந்திருந்தால்கூட யாரும் தடுத்திருக்க மாட்டோம். ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று வந்தது. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ எழுந்து போய்விட்டதுபோல் மூச்சு தாராளமாக வந்தது.

"எந்திரிங்க," என்றாள். "கிளாஸ் முன்னாடி வந்து சொல்லுங்க."

அவர் எழுந்தார். வாக்கரைத் தள்ளிக்கொண்டு, அவளே கைத்தாங்கலாகக் கூட்டிப்போக, மைக் முன்னால் வந்து நின்றார். அவரிடம் படித்தவர்கள்தான் பாதிக் கூட்டம். "படத்தைக் கெடுத்தது நான்தான்," என்றார். குரல் கடைசி வரிசைக்குக் கேட்டது. சரி, போய் உட்காருங்கள் என்றாள் ரோண்டா, அந்தக் காலத்தில் அவர் சொல்வதைப் போலவே.

விளக்கைப் போடப்போன வாட்ச்மேன் தவறான சுவிட்சைத் தட்ட, ஜிம் முழுக்க இருட்டு. வழக்கமான கேள்வி யார் வாயிலிருந்தும் வரவில்லை. எல்லாரும் மென்று விழுங்கிக்கொண்டிருந்தபோது மேடைப் பக்கமிருந்து ரோண்டாவின் குரல் மட்டும் வந்தது. "இதுவும் நான் இல்ல." பேயின் ஜிப்புக்குச் சிரித்ததைவிட அதிகமாகச் சிரித்தோம்.

வெளியே வந்து வண்டியில் ஏறி, கதவைச் சாத்தினாள். கஸ் சாவியில் கையை வைத்தபடி, இன்னும் இரண்டு தடவைக்காகக் காத்திருந்தான்.

"கெளம்பேன், எதுக்கு நிக்கிற?" என்றாள்.