மாமா வந்து பார்க்கும்வரை

செஞ்சியில் எங்கள் சின்ன மருத்துவமனைக்கு நோய்க்குறியியல் படிக்க வரும் டாக்டர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடமே இதுதான்: அறுத்தெடுத்த சதையை உடனே ஃபார்மலின் மருந்தில் போட வேண்டும், காய்ந்துபோனால் மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது. ஆனால் இங்கே நோயாளியின் சொந்தக்காரர்கள் எல்லோரும் அதைப் பார்த்தாக வேண்டும்.

ஆபரேஷனில் எடுத்த கர்ப்பப்பையை வாங்கிவரப் போன மாணவி, ஃபேனுக்கு அடியில் கிண்ணத்தோடு நின்றிருந்தாள்.

“அவலூர்பேட்டை பஸ்ல பேஷன்ட்டோட மாமா வந்துட்டிருக்காராம் சார்.”

தலையில் அடித்துக்கொண்டேன். அடுத்த முறை ஃபார்மலின் பாட்டிலையே கையில் கொடுத்தனுப்பினேன்.

“எவன் வேணா பாக்கட்டும். இதுக்குள்ள போட்டுக் காட்டு.”

பாட்டிலில்தான் போட்டிருந்தாள். திரும்பி வந்தபோது அதற்குள் சதை மட்டும் கிடந்தது. ஒரு சொட்டு மருந்து இல்லை.

“இன்னா நாத்தம், கண்ணு எரியுதுன்னாங்க சார். அதான் கொட்டிட்டு, நல்லா கழுவிக் காட்டினேன்.”