மாமாவுக்குப் போதாத குளிர்

அந்தக் குளிர்காலத்தில் மாமா அமெரிக்காவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அம்மாவின் மூத்த தமையன். பஃபலோ நகரில் டாக்சி ஓட்டுகிறவர். எங்கள் டேனிஷ் ஊரான இக்காஸ்டில் வந்து இறங்கிய அன்றே, எங்கள் குளிர் தனக்குப் போதாது என்று சொல்லிவிட்டார்.

“இதுவும் ஒரு குளிரே? எங்கட பக்கம் இதை வெயில் எண்டு சொல்லுவாங்கள்” என்று இடுப்பில் கட்டிய வெறும் சாரத்தோடு பால்கனியில் நின்று தேத்தண்ணி குடித்தார். அப்பாவுக்கு உள்ளுக்குள் கோபம். இத்தனை வருடமாகத் தான் பட்ட குளிரை ஒருவர் சாரத்தோடு வந்து நின்று ஒன்றுமில்லை என்று ஆக்குவதா?

எனக்கு எட்டு வயது. மாமாவின் பனிப்புயல் கதைகளுக்காகவே பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வருவேன். ஏரிப் பக்கமிருந்து வந்த பனி ஒரே இரவில் வாசற்கதவை மூடிவிட, மேல்மாடி ஜன்னலால் இறங்கி வேலைக்குப் போன கதை. கொடியில் காயப்போட்ட காற்சட்டை விறைத்துப்போக, அதை எடுத்துச் சுவரில் சாத்தி வைத்த கதை. காலையெல்லாம் பனியை வெட்டிக் காரைத் தோண்டியெடுத்த பின், அது பக்கத்து வீட்டுக்காரனின் கார் என்று கண்ட கதை. அந்தக் கதைகளில் ஒருவருக்கும் ஒன்றும் நடப்பதில்லை. முடிவில் எல்லாரும் சிரிப்பார்கள்.

பிறகு எங்களுக்கும் ஒரு புயல் வந்தது.

மேற்கிலிருந்து காற்று. பனி விழவில்லை, பக்கவாட்டில் பறந்தது. விடிந்த பிறகும் எதிர்க் கட்டடம் தெரியவில்லை. ஒருவரும் வெளியே போக வேண்டாமென்று பொலிஸ் கேட்டுக்கொள்வதாக வானொலி திரும்பத் திரும்பச் சொன்னது. பள்ளிக்கூடம் இல்லை என்று நான் துள்ளினேன். மாமா சாரத்தோடு பால்கனிக்குப் போவார் என்று ஆவலோடு காத்திருந்தேன். அவர் ஜன்னலடியில் நின்றபடி தேத்தண்ணியை ஆறவிட்டார்.

அம்மா ஊரின் மறுகரையில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். சைக்கிளில்தான் போய்வருவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கிருந்த ஒருத்தி, இந்தச் சின்ன உடம்பை வைத்துக்கொண்டு ஒரு குளிர்காலத்தைக்கூடத் தாங்கமாட்டாய் என்று சொன்னாளாம். அன்றிலிருந்து மழை, பனி என்று அம்மா ஒருநாளும் நின்றதில்லை. அந்தப் பெண் வேலையை விட்டுப் போன பிறகும் அவளுக்கு மறுமொழி சொல்லிக்கொண்டே இருந்தார்.

தொலைபேசி அடித்தது. இரவு வேலைக்கு வந்தவள் இன்னும் தனியாக நிற்கிறாள். காலை வேலைக்கு வரவேண்டியவர்கள் ஒருவராலும் வர முடியவில்லை. கேட்டுவிட்டு அம்மா சப்பாத்தைத் தேடினார். இடுப்பு நோவோடு படுத்திருந்த அப்பா, “ஏலாதெண்டு சொல்லன்” என்றார். சொல்லிவிட்டு, பயனில்லை என்று தெரிந்தவர்போல மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

மாமாதான் போய்க் கதவை மறித்து நின்றார்.

“நீ போகேல்லை, தங்கச்சி.”

“தள்ளுங்கோ அண்ணை. அங்கை ஊசி போடவேண்டிய சனம் இருக்குது. தானா எழும்ப ஏலாத சனம் இருக்குது. ஒருத்தி தனிய என்னெண்டு பாக்கிறது?”

“பொலிஸே போகாதை எண்டு சொல்லுது.”

“பொலிஸ் வந்து அதுகளுக்குச் சாப்பாடு தீத்துமே?”

“இது விளையாட்டில்லையடி.”

“வந்த நாளிலையிருந்து, இதுவும் ஒரு குளிரே எண்டு பகிடி பண்ணினது நீங்கள்தானே?”

“அது பிள்ளைக்குச் சொன்ன கதை” என்றார் மாமா. அவருடைய குரல் இறங்கியிருந்தது. “என்னோடை ஒரே வீட்டிலை இருந்த பெடியன் ஒருத்தன். இப்பிடி ஒரு நாளிலை பனிக்குள்ளை கார் இறுகிப் போச்சுதெண்டு இறங்கி நடந்தவன். கொஞ்சம் தள்ளி, அந்த ரோட்டுத் தொங்கலிலைதான் வீடு. பனி கரைஞ்சாப் பிறகுதான் ஆளைக் கண்டெடுத்தது.”

நான் சிரிக்கவேண்டிய இடத்துக்காகக் காத்திருந்தேன்.

அம்மா சப்பாத்தைக் கட்டி முடித்து நிமிர்ந்தார். “அவன் தனியவோ போனவன்?”

“ஓம்.”

“அப்ப நீங்களும் வாங்கோ.”

மாமா கதவை விட்டு விலகி, அப்பாவின் தடித்த கோட்டை எடுத்துப் போட்டார். அது அவருக்குப் பொத்தான் பூட்ட வரவில்லை. அறைக்குள் கட்டியிருந்த கொடிக்கயிற்றை அவிழ்த்து, ஒரு தொங்கலைத் தன் இடுப்பிலும் மற்றதை அம்மாவின் இடுப்பிலும் கட்டினார். படியில் நின்ற கீழ்வீட்டு டேனிஷ்காரர், உங்களுக்கென்ன பைத்தியமா என்று கேட்டார். வேலைக்குப் போகிறோம் என்றார் அம்மா.

நான் ஜன்னலால் பார்த்தேன். கார்த் தரிப்பிடத்தைத் தாண்டுமுன்பே இரண்டு பேரும் காணாமற்போனார்கள். எனக்குப் பயம் வரவில்லை. அம்மாவை நினைத்துப் பெருமையாக இருந்தது. அப்பாதான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பி வந்து, ஒன்றும் தெரியாத அந்த ஜன்னலடியிலேயே நின்றார். மத்தியானம் போய்ச் சேர்ந்துவிட்டதாக அம்மா போனில் சொன்னபோது அப்பா “ஓ, நல்லம்” என்று மட்டும் சொன்னார். போனை வைத்த பிறகு நிலத்திலேயே குந்திவிட்டார்.

மறுநாள் ஒரு கமக்காரரின் டிராக்டரில் இருவரும் வந்து இறங்கினார்கள். அம்மாவின் கன்னங்கள் சிவந்து வெடித்திருந்தன. ரோடு எது, வயல் எது என்று தெரியவில்லையாம். கல்லறைகளைச் சுற்றிய சவக்காலை வேலியைத் தடவித் தடவிப் போனார்களாம். ஓரிடத்தில் இனி ஏலாதென்று அம்மா பனிக்குள் குந்திவிட, மாமா தூஷணத்தால் ஏசி எழுப்பினாராம். அங்கே போய், டேனிஷில் ஒரு சொல்லும் தெரியாத மாமா, ஒரு கிழவிக்குக் கஞ்சி தீத்தினாராம். அவர் தமிழில் புத்தி சொல்லச் சொல்ல, கிழவி முழுவதையும் குடித்தாவாம்.

நான் மாமாவுக்கு முன்னால் போய் நின்றேன். “அம்மாக்குப் பயமே இல்லை. உங்களுக்குத்தான் பயம்” என்றேன்.

“ஓம் பிள்ளை, நான் நல்லாப் பயந்திட்டன்” என்றார். வெட்கப்பட்டதாகவே தெரியவில்லை. ஒரு பெரிய ஆள் இப்படிச் சொல்லலாமா என்று எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

“வழி முழுக்க அவர்தான் முன்னுக்கு நடந்தவர்” என்றார் அம்மா, ஈரச் சப்பாத்தைக் கழற்றியபடி. “என்னை ஒருக்காலும் முன்னுக்கு விடேல்லை.”

மாமா ஆள் பெரியவர், அதனால்தான் முன்னால் நடந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.