வீட்டுக்குள் திரும்பிய ஆறு

தொண்ணூறுகளின் கடைசியில் அலுவலக வேலையாக லண்டன் போயிருந்தபோது, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேய ஓவியர் ஒருவரின் நிலக்காட்சிகளை அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் பார்த்தேன். ஆறு, கரையில் ஒரு மாவு ஆலை, தண்ணீரில் மாடுகள், மேலே மழைக்கு முந்தைய மேகம். அப்படியொரு மேகத்தை நான் படத்தில் பார்த்ததில்லை. பெரிய அச்சுப்பிரதி ஒன்றை வாங்கிவந்து, பெங்களூர் பனசங்கரியில் புதிதாக வாங்கியிருந்த ஃபிளாட்டின் ஹாலில் மாட்டினேன்.

என் கணவர் விமானப் பாகங்களை வடிவமைக்கும் இன்ஜினியர். அவர்தான் வாஸ்துக்காரரை அழைத்துவந்தார். வந்தவர் சமையலறையை மன்னித்தார், குளியலறையையும் மன்னித்தார். படத்தின் முன்னால் நின்றுவிட்டார்.

"மேடம், தண்ணி வாசப் பக்கமா ஓடுது. லட்சுமி அப்படியே ஹொரகடெ போயிடுவா," என்று வெளியே கைகாட்டினார்.

"அது இங்கிலாந்து ஆறுங்க."

"எந்த ஊரு தண்ணியானா என்ன மேடம்?"

"எதிர்ச் சுவத்துல மாட்டிடலாமா?" என்றார் கணவர். அது தெற்குச் சுவர். அங்கே தண்ணீரே ஆகாதாம். கடைசியில் இன்ஜினியர் மூளைதான் வேலை செய்தது. தெரிந்த ஸ்டுடியோவில் படத்தைப் புகைப்படம் எடுத்து, நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பெரிதாக அச்சடித்துவந்தார். ஆறு வீட்டுக்குள் ஓடத் தொடங்கியது. மாடுகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. சனிக்கிழமைகளிலும் உழைத்ததற்குப் பலன் என்று நான் நினைத்தேன். வீட்டில் வேறு யாரும் அப்படி நினைக்கவில்லை.

அப்போது பெங்களூர் வந்திருந்த என் லண்டன் மேலதிகாரியைச் சாப்பிட அழைத்தோம். பிசிபேளே பாத் தட்டோடு அவர் படத்தருகே போனார்.

"இது எங்கள் ஊர்! ஆனால் ஆலை அந்தப் பக்கம் அல்லவா இருக்கும்?"

கண்ணை மூடி, சிறுவயதில் நடந்த பாதையைக் காற்றில் விரலால் வரைந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது. "ஊரைவிட்டு வந்து வெகுகாலமாயிற்று. எனக்குத்தான் மறந்திருக்கும்."

பார்க்கப் பாவமாக இருந்தது. கணவர் முறைப்பதைப் பொருட்படுத்தாமல் நடந்ததைச் சொல்லிவிட்டேன். மனிதர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பலித்ததா?" என்று கேட்டார்.

என் பதவி உயர்வில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். கணவர் முந்திக்கொண்டு, "உடனே பலித்தது சார்," என்றார்.

அசல் பிரதியைக் கேட்பார் என்று நான் பரண்மேலிருந்து எடுத்துத் துடைத்து வைத்தேன். அவர் ஸ்டுடியோ எங்கே என்று விசாரித்தார். மறுநாள் காலையில் கணவரே அவரை ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார்.