ஆராயியின் மஞ்சள் புடவை

ஆராயி தீமிதியில் வெந்து செத்தாள். விரதத்தில் குறை வைத்தாள், அம்மன் கேட்டுவிட்டாள் என்று மரக்காணத்தில் யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அவளோடு ஒரே உப்பளத்தில் பாதி ஆயுசு உப்பு வாரியவள் நான், சொல்கிறேன்.

உப்பளத்தில் காட்டன் புடவை தாங்காது. உப்புத்தண்ணியில் ஊறி, காய்ந்து, விறைத்து, மடிப்பு மடிப்பாகக் கிழியும். எங்களில் முதலில் பாலியெஸ்டர் நூலில் வரும் பூனம் புடவைக்கு மாறியவள் ஆராயிதான். மேலே புருஷனின் பழைய முழுக்கைச் சட்டை, கீழே பூனம். அலசி வரப்பில் போட்டால் டீ குடிப்பதற்குள் காய்ந்துவிடும். "இதுக்குச் சாவே கிடையாதுக்கா" என்பாள். வேர்வை இறங்காமல் தொடையெல்லாம் வேர்க்குரு வெடித்துப் புண்ணாகும். அதில் உப்புத்தண்ணி பட்டால் உயிர் போகும். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். கிழியக் கிழியத் தைத்துக் காட்டனையே கட்டிய என்னை மகாராணி என்று கேலி செய்வாள்.

போன வருஷம் அவள் புருஷன் மாயவனுக்கு மஞ்சக்காமாலை முற்றி, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றே சொல்லிவிட்டார்கள். அவன் பிழைத்தால் தீ மிதிக்கிறேன் என்று திரௌபதி அம்மனிடம் வேண்டிக்கொண்டாள். பிழைத்தான்.

காப்புக் கட்டினால் மஞ்சள் புடவைதான். வெள்ளைக் காட்டன் புடவையை மஞ்சளில் முக்கிக் கட்டுவது எங்கள் வழக்கம். ஆராயி வீட்டில் காட்டன் ஏது? இருந்த பூனத்தை முக்கிப் பார்த்தாள், மஞ்சள் ஒட்டவே இல்லை. கடையில் மஞ்சள் பூனமே ரெடிமேடாகத் தொங்கியது. "சாயமும் போவாது, கிழியவும் கிழியாது" என்று வாங்கி வந்தாள். யாருக்கும் தப்பாகப் படவில்லை. தீ மிதித்த பெண்களில் பாதிப் பேர் அதைத்தான் கட்டியிருந்தார்கள்.

குழியில் இறங்குமுன் எல்லார் மேலும் குடம் குடமாக மஞ்சள் தண்ணி ஊற்றினார்கள். காட்டன் அதைக் குடித்துக் கனத்துத் தொங்கும். ஆராயியின் புடவையில் தண்ணி நிற்கவே இல்லை, கொஞ்ச நேரத்தில் காற்றில் படபடத்தது. முன்னால் ஓடியவன் காலில் தெறித்த கங்கு அவள் கொசுவத்தில் விழுந்தது. துணி உருகித் தொடையோடு ஒட்டிக்கொண்டு எரிந்தது. பிய்க்கப் பிய்க்கத் தோலும் கூடவே வந்தது. தீக்குழியைத் தாண்டி, கால் நனைக்கும் பால்குழியில் வந்து விழுந்தபோது அவள் பாதத்தில் ஒரு கொப்புளம் இல்லை.

"கவிச்சி தின்னிருப்பா." "தீட்ட மறைச்சிருப்பா." அதே புடவையில் மற்றவர்கள் மிதிக்கவில்லையா என்று கேள்வி வேறு. நரம்பில்லாத நாக்கு என்ன வேண்டுமானாலும் பேசும். மாயவனும் அதை நம்பினான் பாருங்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தவன் வார்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை.

நர்ஸ் அவள் சதையிலிருந்து கறுப்புக் கறுப்பாய்க் கெட்டி மணிகளைக் கிடுக்கியால் எடுத்தாள். நான்தான் கூட இருந்தேன். அந்த வலியிலும் ஆராயி கேட்டது ஒன்றைத்தான்.

"அவரு என்னக்கா சொல்றாரு?"

"உன்னத்தான் கேட்டுகினே இருக்கிறான்" என்று பொய் சொன்னேன்.

அவள் நம்பவில்லை. "நான் ஒரு தப்பும் பண்ணலக்கா. நீயாவது அவருகிட்ட சொல்லு."

அதற்கப்புறம் அவள் பேசவில்லை. பிணமாகத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

வாசலில் கிடத்தியிருந்தவள் மேல் அவள் அண்ணன் வேல்முருகன் பொறந்த வீட்டுக் கோடிப் புடவையை விரித்தான். பளபளவென்று பூனம். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, பிடுங்கிவிட்டேன்.

"ஏம்மா, கோடியப் போயி..." என்று கத்தினான். கத்தட்டும். முந்தானை நுனியைத் தலைமாட்டு விளக்கில் காட்டினேன். சுருண்டு, சொட்டுச் சொட்டாய் எரிந்துகொண்டே மண்ணில் விழுந்தது. மிதித்து அணைத்தேன். ஆறிக் கிடந்த கறுப்பு மணியைப் பொறுக்கி மாயவன் உள்ளங்கையில் வைத்தேன்.

"இதத்தான்டா அவ தொடையிலேர்ந்து நோண்டி நோண்டி எடுத்தாங்க. காப்புக் கட்டுன நாள்லேர்ந்து என்கூடத்தான்டா இருந்தா. உப்பளத்துல நின்னுகினு உப்பில்லாத கஞ்சி குடிச்சா, உனக்காவ!"

மாயவன் அதை நகத்தால் கீறிப் பார்த்தான். கீறல்கூட விழவில்லை. அப்படியே அவள் காலடியில் சரிந்து, ஊரே திரும்பிப் பார்க்க அழுதான். ஆஸ்பத்திரியில் அவள் அவனிடம் எதிர்பார்த்துக் கிடந்தது இதைத்தான்.

நான் வீட்டுக்குப் போய், என் காட்டன் புடவைகளில் தையல் போடாத ஒன்றைத் தேடி எடுத்து வந்து அவளுக்குப் போர்த்தினேன்.