கொக்கியில் ஏறிய பாரம்

கோ. பஞ்சாட்சரம், பிறப்பு 1965. சொந்த ஊர் விரிஞ்சிபுரம். 1998 முதல் 2024 வரை ஆம்பூரை அடுத்த தோல் பதனிடும் ஆலையொன்றில் டிராக்டர் ஓட்டுநர்.

2023 தை மாதத்தில் ஆலைக்கு ஐம்பது குதிரைத்திறன் டிராக்டர் ஒன்றும், அதற்கேற்ற பெரிய டிரெய்லரும் வந்தன. சாவி தமக்கே என்று பஞ்சாட்சரம் நம்பியிருந்தார். முதலாளி அதை முப்பத்தொரு வயது முனீர் அகமதுவிடம் கொடுத்தார். அன்று வழங்கிய இனிப்பைப் பஞ்சாட்சரம் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், தின்னவில்லை.

முனீர் காலையில் வண்டியைத் துடைப்பதைக் கண்டாலே அவருக்கு வயிறு எரிந்தது. புதிய வண்டிக்கென்று கூரையும் போட்டார்கள்.

"இருபத்தஞ்சு வருஷம் நான் வெயில்ல நின்னேன். அவனுக்குக் கூரையாம்!" என்று மனைவியிடம் பொருமினார்.

"உங்க வண்டிக்கு ஒரு குடை வாங்கிக் குடுங்களேன்" என்றார் மோகனா.

விரைவிலேயே அவருக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது. முனீரின் டிரெய்லர் வேகமெடுத்தால் வாலாட்டியது. உப்புத்தோல் கட்டிலிருந்து வடியும் நீர், டிரெய்லரின் மூக்கை டிராக்டரோடு பூட்டும் புதிய கொக்கியைத் துருப்பிடிக்க வைக்குமென்று, ஈரக்கட்டுகளைப் பின்கோடியில் அடுக்கச் சொல்லியிருந்தார் முனீர். ஒற்றை அச்சு டிரெய்லரில் பின்பாரம் மிகுந்தால் அதன் மூக்கு மேலெழும்பும், கொக்கியை அழுத்துவதற்கு மாறாகத் தூக்கும், வண்டி அலையும். பஞ்சாட்சரம் இதை முதல் நாளே கண்டார், சொல்லவில்லை. ஒருமுறை கவிழ்ந்தால் சாவி கைமாறும் என்று காத்திருந்தார்.

மார்ச் 13 அன்று புதிய டிராக்டரை முதல் சர்வீஸுக்கு வேலூர் கொண்டுபோனார் முனீர். "சின்ன டிரெய்லர்ல ரெண்டு நடை அடிச்சிடுங்கண்ணா" என்றார் மேற்பார்வையாளர் பாரதி.

"பெரிசைப் பூட்டு. ஒரே நடையில கொண்டாறேன்" என்றார் பஞ்சாட்சரம். தம் கைக்கு அது ஆடாது என்று ஆலையே பார்க்க வேண்டும். ஆகவே ஈரக்கட்டுகள் அனைத்தையும் முன்னால் ஏற்றச் செய்தார்.

டிரெய்லர் ஆடவில்லைதான். ஆனால் மாதனூர் மேட்டில் ஏறும்போது, பாரமெல்லாம் கொக்கியை அழுத்த, அவருடைய சிறிய டிராக்டரின் முன்சக்கரங்கள் சாண் உயரம் எழும்பின. ஸ்டியரிங் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. மேட்டில் பெண்கள் ஏறிக்கொண்டிருந்த கம்பெனி பஸ்ஸை நோக்கியே போயிற்று. பிரேக்கை மிதித்தார். பஸ்ஸுக்குக் கைநீளம் இருக்கையில் சக்கரங்கள் தொப்பென்று இறங்கி நின்றன.

"இன்னாண்ணா, வண்டி கல்யாணக் குதிரையாட்டம் நிக்குது!" என்று பஸ்ஸிலிருந்து ஒரு பெண் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள்.

வேலூரிலிருந்து திரும்பிய முனீர் அங்கேயே வந்து சேர்ந்தார். அவர் சிரிக்கவில்லை. டிரெய்லர்மீது ஏறிக் கட்டுகளைப் பின்னுக்குத் தள்ளலானார்.

"முன்னாடி ரொம்ப ஜாஸ்திண்ணா. என்னுது வாலை ஆட்டுது, உங்களுது மூஞ்சியத் தூக்குது. இன்னா சங்கதி, தெரியலியே!"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கைநீளத்தில் நின்ற பஸ்ஸைப் பஞ்சாட்சரம் பார்த்தார்.

"நீ பாரத்தைப் பின்னாடி வெக்கிறே. அதான் ஆடுது. எனக்கு மொத நாளே தெரியும்."

முனீரின் கை நின்றது. "மொத நாளேவா? அந்த லோடு மேலதான் நம்ம ஆளுங்க உக்காந்து வர்றாங்க."

பெரிய டிரெய்லரைப் புதிய டிராக்டரில் பூட்டி முனீரே இழுத்துச் சென்றார். அன்றோடு 'அண்ணா' போயிற்று. 'டிரைவர்' என்றே அழைத்தார்.

மறுநாள் பஞ்சாட்சரம், யாரும் கேளாமலே, ஏற்றிய டிரெய்லரின் மூக்கைத் தோல் நிறுக்கும் தராசில் இறக்கி நிறுத்தார். கொக்கியில் விழும் எடை, மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையவும் ஏழில் ஒரு பங்கை மிஞ்சவும் கூடாது என்றார். பெரிய டிரெய்லரைச் சிறிய டிராக்டரில் பூட்டுவதைப் பாரதி தடைசெய்தார். சாவி முனீரிடமே இருந்தது. வாரந்தோறும் நிறுத்துக் கொடுத்தபோதும் பஞ்சாட்சரம் அந்தப் புதிய டிராக்டரை நிமிர்ந்து பார்த்ததில்லை. பார்த்தால் இன்னமும் எரிந்தது. அவர் கடைசியாக முனீரின் டிரெய்லரை எடைபோட்டது 2024 டிசம்பர் 30, திங்கட்கிழமை.